தண்ணீருக்கு வழிவிட்ட பாதைகள்

இத்தாலியின் வடமேற்கில், மலை கடலை ஒட்டியே எழுந்து நிற்கும் லிகூரியா கரையில், ஃபினாலே லிகூரே என்ற சிற்றூர் இருக்கிறது. ஊருக்குப் பின்னால் காடு. காட்டுக்குள் எங்கு திரும்பினாலும் ஒற்றையடிப் பாதைகள். மலைச் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்தும் இங்கே வருகிறார்கள். 2013-இல் தொடங்கிய எண்டூரோ உலகத் தொடரின் முதல் பருவம் இந்த ஊரில்தான் நிறைவடைந்தது. எண்டூரோ இறக்கத்தின் பந்தயம். மேட்டில் ஏறும் நேரம் கணக்கில் சேராது; இறங்கும் பகுதிகளில் எடுத்த நேரத்தைக் கூட்டித்தான் வெற்றி முடிவாகும்.

மேலே மெலோன்யோ கணவாய். உயரம் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலிய இராணுவம் கட்டிய கோட்டை ஒன்று மலைச்சாலையைத் தன் மதிலுக்குள்ளேயே வாங்கிக்கொண்டு நிற்கிறது. அங்கிருந்து கடற்கரை வரையிலான காட்டில் கரி சுட்டவர்கள் வெட்டிய மேடைகள் இருக்கின்றன. கோவேறு கழுதைகள் நடந்த கல்பாவிய பாதைகள் இருக்கின்றன. ஸ்பானிய இளவரசி ஒருத்தியின் பயணத்துக்காகப் போட்ட சாலை, ரோமானியர் கட்டிய பாலங்கள், பனியுக மனிதர்கள் தங்கிய குகைகள் எல்லாம் இருக்கின்றன.

வரலாற்றுச் சின்னங்கள் ஐரோப்பாவில் எங்கும் உண்டு. இங்கே என்னை வியக்க வைப்பது வேறு. மதிலும் மாளிகையும் நிலைப்பது புரிகிறது. மண்ணில் போட்ட ஒரு பாதை, அதுவும் செங்குத்தான மலைச்சரிவில் போட்ட பாதை, நூற்றாண்டுகளைத் தாண்டி எப்படி நிற்கிறது? லிகூரியாவின் மழையை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகப்படும். கோடை முழுதும் சூடேறிய கடலிலிருந்து இலையுதிர் காலத்தில் ஈரக்காற்று எழுந்து, கரையை ஒட்டிய மலைகளில் மோதிப் பெரும் மழையாகக் கொட்டும். 2021 அக்டோபர் 4 அன்று இதே லிகூரியாவின் ரோசில்யோனே என்ற ஊரில் 12 மணி நேரத்துக்குள் 740 மில்லிமீட்டர் பெய்தது. சென்னைக்கு ஓராண்டு முழுதும் கிடைக்கும் மழையில் ஏறத்தாழப் பாதி, அரை நாளில்.

அப்படிப்பட்ட மழையில் கரையாத பாதைகளுக்குள் ஓர் அறிவியல் இருக்கிறது. ரோமானியப் பொறியாளருக்கும், கரி சுட்டவருக்கும், இன்று மண்வெட்டியோடு சைக்கிள் தடம் அமைப்பவருக்கும் அது பொதுவானது.

நீரின் கணக்கு

மழைநீர் மலையில் இறங்குவதற்கு மிகச் சுருக்கமான வழியைத் தேடும். சரிவின் உச்சியில் ஒரு பந்தை வைத்துவிட்டால் அது எந்தக் கோட்டில் உருளுமோ, நீரும் அந்தக் கோட்டில்தான் ஓடும். பாதையும் அதே கோட்டில் நேராக இறங்கினால் அது பாதையாக அதிக நாள் இருக்காது, ஓடையாகிவிடும்.

காரணம், ஓடும் நீரின் வலிமை அதன் வேகத்தைவிடப் பன்மடங்கு விரைவாகப் பெருகுகிறது. ஆறுகளை ஆராய்ந்தவர்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே கண்ட ஒரு விதி உண்டு. நீர் உருட்டிச் செல்லக்கூடிய மிகப் பெரிய கல்லின் எடை, நீரோட்ட வேகத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். வேகம் இரட்டித்தால் எடை இரு மடங்கு ஆவதில்லை, 64 மடங்காகிறது. மணலை மட்டும் நகர்த்திக்கொண்டிருந்த நீர் கொஞ்சம் வேகமெடுத்ததும் கூழாங்கல்லை உருட்டுகிறது. இன்னும் கொஞ்சம் வேகமெடுத்தால் பாறைத் துண்டை உருட்டுகிறது. உருளும் கல் மண்ணைக் கீறுகிறது. கீறிய பள்ளத்தில் இன்னும் அதிக நீர் சேர்கிறது. ஆழம் கூடியதால் வேகமும் கூடுகிறது. ஒரு முறை பள்ளம் விழுந்துவிட்டால் அடுத்த மழை அதை ஆழமாக்குமே தவிர மூடாது.

ஆகவே பாதை அமைப்பவரின் வேலை முழுவதும் நீரை வேகமெடுக்க விடாமல், சேர விடாமல் அனுப்பிவைப்பதுதான். இன்றைய தட அமைப்பாளர்களிடம் இதற்கு எளிய விதிகள் இருக்கின்றன. பாதையின் சாய்வு, அது கடந்து செல்லும் மலைச்சரிவின் சாய்வில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. மலை நூறு மீட்டருக்கு முப்பது மீட்டர் இறங்கினால், பாதை நூறு மீட்டருக்குப் பதினைந்து மீட்டருக்குமேல் இறங்கலாகாது. அந்த அளவைத் தாண்டினால், மேலிருந்து வரும் நீர் பாதையைக் குறுக்கே கடக்காமல் பாதையோடு சேர்ந்து ஓடத் தொடங்கிவிடும். பாதையின் மொத்தச் சராசரிச் சாய்வு பத்து விழுக்காட்டை ஒட்டி இருப்பது நல்லது. பாதையின் வெளிவிளிம்பு, அதாவது பள்ளத்தாக்குப் பக்கத்து விளிம்பு, உள்விளிம்பைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும்.

நல்ல தடம் ஒன்றில் பத்து மீட்டர் நீளத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். பாதை மெல்ல இறங்கி வருகிறது. ஒரு மரத்தின் வேரருகே வந்ததும் இரண்டு மூன்று எட்டு தூரத்துக்குச் சற்றே மேலேறுகிறது. பிறகு மறுபடி இறங்குகிறது. ஓட்டுகிறவருக்கு அது இனிமையான ஒரு சிறு துள்ளல். அதற்காகத்தான் அந்த மேடு வைக்கப்பட்டது என்று அவர் நினைக்கலாம். அந்த மேட்டுக்கு முன்னிருக்கும் தாழ்வில் வெளிவிளிம்பைத் தொட்டுப் பார்த்தால் விசயம் தெரியும். அங்கே விளிம்பு ஒரு முழ அகலத்துக்குச் சரித்து வெட்டப்பட்டிருக்கும். கீழே சருகுகளின் மேல் வண்டல் மெல்லிய விசிறியாகப் படிந்திருக்கும். அதுவரை பாதையில் வந்த நீரெல்லாம் மேடேற முடியாமல் அந்த இடத்தில் வெளியேறியிருக்கிறது. அடுத்த இறக்கம் நீரின் கணக்கைப் புதிதாகத் தொடங்குகிறது. இப்படி இருபது முப்பது மீட்டருக்கு ஒரு சிறு மேடு இருந்தால் எந்த இடத்திலும் நீர் பள்ளம் பறிக்கும் அளவுக்குச் சேராது. வடிகாலும் விளையாட்டும் ஒரே மண்ணில் செதுக்கப்பட்டிருப்பது இந்தக் கலையின் அழகு.

கரி சுட்டவர்களின் காடு

மெலோன்யோ பக்கத்து உயரங்களில் பீச் மரங்கள். கீழே வரவரச் செஸ்நட் மரங்கள். கடலை நெருங்கும்போது என்றும் பசுமையான ஓக், பைன், மத்தியதரைக்கடல் புதர்கள். அடியில் இருக்கும் பாறையும் மாறிக்கொண்டே வரும். உச்சியில் பூமியின் ஆழத்தில் வெந்து அழுந்தி உருமாறிய மிகப் பழைய பாறைகள், இடையில் டோலமைட், கடைசியில் சுண்ணாம்புக்கல். ஓட்டுகிறவரின் டயர் இதைக் கண்ணுக்கு முன்பே கண்டுபிடித்துவிடும். மேலே மக்கிய இலையும் கறுப்பு மண்ணும் கலந்த மெத்தை. கீழே செம்மண்ணும் கல்லும்.

இந்தக் காட்டில் திடீரென்று சில மீட்டர் அகலத்துக்குச் சமதளமான வட்ட மேடைகள் எதிர்ப்படும். சரிவை வெட்டிச் சமன் செய்தவர்கள் கரி சுட்டவர்கள். விறகைக் கூம்பாக அடுக்கி, மண்ணும் தழையும் போட்டு மூடி, காற்றை அளந்து விட்டு, நாள்கணக்கில் புகைய வைப்பார்கள். கொழுந்துவிட்டு எரிந்தால் சாம்பல்தான் மிஞ்சும். மூச்சுமுட்டப் புகைந்தால் கரி கிடைக்கும். மரத்தின் எடையில் பெரும்பகுதி நீராகவும் ஆவியாகவும் போய்விடுவதால், விறகைச் சுமப்பதைவிடக் கரியைச் சுமப்பது மிகவும் எளிது. மலைக்காட்டிலிருந்து எரிபொருளைக் கீழே கொண்டுவர இதைவிடச் சிக்கனமான வழி அன்று இல்லை.

மேடைகளிலிருந்து கரிமூட்டைகளோடு இறங்கும் விலங்குக்குச் செங்குத்தான பாதை ஆகாது. அதனால் மேடைகளை இணைத்த வழிகள் சரிவைக் குறுக்கே வெட்டி, மிதமான சாய்விலேயே போயின. நீரைச் சமாளிக்கும் பாதையும் இதே சாய்வைத்தான் கேட்கிறது. சுமை தூக்கிய காலும் மழைநீரும் ஒரே தீர்ப்பைச் சொன்னதால் அந்தத் தடங்கள் பிழைத்தன. லிகூரியாவில் சைக்கிள் தடங்கள் பல இடங்களில் இத்தகைய பழைய வழிகளைத் துப்புரவாக்கி உருவானவையே. மேடைகளின் மண்ணை ஆய்வாளர்கள் சலித்து, கரித்துண்டுகளை நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். எரிந்த பிறகும் மரத்தின் நுண்குழாய் அமைப்பு கரியில் அப்படியே தங்கியிருக்கும். அதிலிருந்து முன்பு இங்கே எந்த மரம் நின்றது என்று சொல்லிவிடலாம். ஓட்டுகிறவர் ஒரு நொடியில் கடந்துபோகும் அந்தக் கறுப்பு வட்டம், மறைந்த காட்டின் பதிவேடு.

இளவரசியின் சாலை

17-ஆம் நூற்றாண்டில் மிலான் ஸ்பெயினின் கையில் இருந்தது. மிலானுக்குக் கடல் கிடையாது. ஸ்பானியக் கப்பல்கள் வந்து இறங்க ஒரு கரை வேண்டும். அந்த வாசலாக ஃபினாலே இருந்தது. 1666-இல் ஸ்பானிய மன்னர் நான்காம் பிலிப்பின் மகள் மார்கரிட்டா தெரேசா இங்கே கரையிறங்கினாள். புனித ரோமப் பேரரசர் முதலாம் லியோபோல்டை மணக்க வியன்னாவுக்குப் போகும் பயணம் அது. ஓவியர் வெலாஸ்கஸ் 1656-இல் தீட்டிய 'லாஸ் மெனினாஸ்' ஓவியத்தின் நடுவில் வெளிச்சத்தில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தை இவள்தான். ஃபினாலேயில் இறங்கியபோது வயது பதினைந்து.

அவளுடைய பரிவாரம் மலையைத் தாண்டுவதற்காகப் பொறியாளர் காஸ்பரே பெரெட்டா ஒரு சாலை அமைத்தார். மதில் சூழ்ந்த ஃபினால்போர்கோவிலிருந்து, ஸ்பானியர் கட்டிய சான் ஜொவான்னி கோட்டையையும் தெல் கர்ரெத்தோ பிரபுக்களின் கவோனே கோட்டையையும் தொட்டு ஏறும் அந்த வழி இன்றும் பெரெட்டா சாலை என்றே அழைக்கப்படுகிறது. வண்டிச் சக்கரம் கோவேறு கழுதையைவிடக் கறாரானது. படிகளில் ஏறாது, குறுகிய திருப்பத்தில் வளையாது, அளவுக்கு மீறிய சாய்வில் இழுபடாது. அதனால் சக்கரத்துக்காகப் போட்ட பாதை மலையின் வடிவத்துக்கு இன்னும் பணிந்து போயாக வேண்டும். இன்றைய மலைச் சைக்கிளின் சக்கரமும் அதே பணிவைத்தான் கேட்கிறது.

ஒரு பள்ளத்தாக்கில் ஐந்து பாலங்கள்

ஃபினாலேக்குக் கிழக்கே கரையோர வழி நோலி முனையில் முட்டுகிறது. செங்குத்தான பாறை நேரே கடலுக்குள் இறங்குவதால் ரோமானியரால் அங்கே சாலை போட முடியவில்லை. கி.மு. 13-இல் அகஸ்டஸ் காலத்தில் தொடங்கிய ஜூலியா அகஸ்டா சாலை அந்த முனையைத் தவிர்த்து உள்நாட்டுக்குத் திரும்பி, பொன்சி என்ற குறுகிய பள்ளத்தாக்கு வழியே சென்றது. பள்ளத்தாக்கின் அடியில் ஓடை. சாலை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாறிமாறிப் போக வேண்டியிருந்ததால் ஐந்து பாலங்கள் எழுந்தன. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், கி.பி. 124 வாக்கில், சாலை புதுப்பிக்கப்பட்டபோது கட்டப்பட்டவை அவை. சில இடிந்து அடையாளம் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. தேவதைப் பாலம் என்று ஊரார் அழைக்கும் ஒன்று காட்டின் நடுவே ஏறத்தாழ முழுமையாக நிற்கிறது.

அதன் வளைவை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். அந்தப் பகுதியில் கிடைக்கும் சுண்ணாம்புக்கல்லை ஆப்பு வடிவில் செதுக்கி, அரைவட்டமாக அடுக்கியிருக்கிறார்கள். கல்லின் இயல்பு, அழுத்தினால் தாங்கும், இழுத்தால் உடையும். இரு கரைகளின் மேல் ஒரு நீளக் கல்லைக் கிடத்தினால் அதன் அடிப்பக்கம் இழுபட்டுப் பிளந்துவிடும். வளைவில் இழுவிசைக்கே இடமில்லை. மேலே பாரம் ஏறும்போது ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்குகிறது; அந்த நெருக்கம் கல்லுக்குக் கல் கைமாறி இரு கரைகளிலும் இறங்குகிறது. பாரம் ஏற ஏற இணைப்புகள் இறுகுகின்றன.

இந்த ஓடை பெரும்பாலான நாள்களில் வறண்டு கிடக்கும். வறண்ட ஓடைக்கு இத்தனை பெரிய வளைவு எதற்கு என்று தோன்றலாம். இலையுதிர் காலப் பெருமழையில் ஒரே நாளில் வரும் வெள்ளத்தை மனத்தில் வைத்து அளந்த உயரம் அது. சாதாரண நாளுக்காக அளந்திருந்தால் பாலம் முதல் நூற்றாண்டைக்கூடத் தாண்டியிருக்காது. 1,900 ஆண்டுகளின் வெள்ளங்கள் அந்த வளைவின் அடியில் தாராளமாகப் போயிருக்கின்றன. அதனால்தான் வளைவு இருக்கிறது.

தண்ணீரைக் குடிக்கும் பாறை

ஓடை வறண்டு கிடப்பதற்குக் காரணம் ஃபினாலே கல். மயோசீன் யுகத்தில், ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பு, ஆழமற்ற கடலடியில் சிப்பிகளும் கடல்வாழ் உயிர்களின் ஓடுகளும் நொறுங்கிப் படிந்து உருவான சுண்ணாம்புக்கல் இது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கிறது. விரிசல் துளையாகிறது, துளை குகையாகிறது. நீர் தரையின் மேல் ஓடாமல் உள்ளே இறங்கிவிடுகிறது. மழை நின்ற சிறிது நேரத்திலேயே இங்குள்ள தடங்கள் பலவும் காய்ந்துவிடுவதும், குளிர்காலத்திலும் சைக்கிள் ஓட்ட முடிவதும் இதனால்தான். கரையாமல் எஞ்சும் களிமண் செம்மண்ணாகப் பாறையிடுக்குகளில் தங்குகிறது. நனைந்த நேரத்தில் அது வழுக்கும். அனுபவசாலிகள் அதற்கு மரியாதை கொடுப்பார்கள்.

அதே குகைகள் மனிதருக்கு வீடாயின. இப்பகுதிக் குகைகளில் நியாண்டர்தால் மனிதரின் எலும்புகள் கிடைத்திருக்கின்றன. ஃபினாலேக்கு மேற்கே கப்ரசோப்பா குன்றின் கடற்புறம் உள்ள அரேனே காந்திதே குகையில் 1942-இல் ஒரு புதைகுழி வெளிப்பட்டது. பதினைந்து வயதை ஒட்டிய இளைஞன். ஏறத்தாழ 28,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். செங்காவியில் கிடத்தியிருந்தார்கள். தலையில் துளையிட்ட நூற்றுக்கணக்கான சிப்பிகளாலான தொப்பி. கையில் 23 சென்டிமீட்டர் நீளச் சக்கிமுக்கிக்கல் கத்தி. உடலருகே கொம்பில் செய்த கோல்கள், மாமூத் தந்த அணிகலன். தாடையில் பெருங்காயம். யாரோ அவனை நேசித்தார்கள் என்பதை அந்தக் குழி இன்னும் சொல்கிறது. நீரின் ஓட்டம் எட்டாத வறண்ட குகைத்தளம் அந்த அன்பைக் காத்துக் கொடுத்திருக்கிறது.

சக்கரம் மண்ணுக்கு என்ன செய்கிறது?

இப்படிப்பட்ட நிலத்தில் சைக்கிள் ஓடலாமா என்ற கேள்வி நியாயமானது. உணர்ச்சியை ஒதுக்கிவைத்து அளவுகளைப் பார்ப்போம்.

ஆளும் சைக்கிளுமாக 95 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் மீட்டர் இறங்கும்போது ஒன்பது லட்சம் ஜூலுக்கும் மேலான ஆற்றல் வெளிப்படுகிறது. ஏறத்தாழ மூன்று லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் சஸ்பென்ஷனும் வாங்கிக்கொள்கின்றன. மிகுதியை பிரேக் டிஸ்க்குகள் வெப்பமாக்கி வெளியேற்ற வேண்டும். இந்த வெப்பத்தை விளையாட்டின் முன்னோடிகள் நேரில் கண்டார்கள். 1976 அக்டோபரில் கலிபோர்னியாவின் மரின் பகுதியில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் மலையிறங்கிப் பந்தயம் நடத்தினார்கள். மலைச் சைக்கிள் விளையாட்டின் தொடக்கங்களில் அது ஒன்று. ஒரே இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் புகைந்து தீர்ந்துபோகும். ஒவ்வொரு முறையும் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது.

ஆற்றல் பிரேக்கில் கரைந்தால் மண்ணுக்குப் பாதிப்பு குறைவு. உருளும் டயர் மண்ணை அழுத்துகிறது. தொடும் பரப்பு சக்கரத்துக்கு முப்பது சதுர சென்டிமீட்டர் போல. சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபட்டால் நிலைமை மாறுகிறது. டயர் மண்ணைக் கீறி, பாதையின் நீளவாக்கில் ஒரு கோடு போடுகிறது. அடுத்த மழைக்கு அதுதான் கால்வாய். திருப்பங்களில் மண்ணை உயர்த்தி வெளிப்பக்கம் சாய்சுவர் எழுப்புவதன் பயன் இங்கே விளங்கும். ஐந்து மீட்டர் ஆரமுள்ள திருப்பத்தை மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் எடுக்க, ஏறத்தாழ 45 பாகை சாய்சுவர் இருந்தால் டயர் பக்கவாட்டில் பிடிமானமே தேடத் தேவையில்லை. விசை முழுதும் மண்ணுக்குள் நேராக இறங்குகிறது, மண் பெயர்வதில்லை.

1994-இல் வில்சனும் செனியும் மொன்டானா மலைப்பாதைகளில் நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகியவற்றின் தாக்கத்தை ஒப்பிட்டார்கள். சக்கரங்களைவிடக் குளம்பும் காலுமே அதிக மண்ணைப் பெயர்த்தன; குதிரையின் பங்கு எல்லாவற்றிலும் பெரிது. 2001-இல் கனடாவில் தர்ஸ்டனும் ரீடரும் செய்த ஆய்வில் நடப்பவரும் சைக்கிளும் செடிகொடிகளுக்குச் செய்த சேதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. இரண்டு ஆய்வுகளும் எல்லா நிலத்துக்கும் கடைசித் தீர்ப்பு ஆகிவிடாது. யார் போகிறார்கள் என்பதோடு, பாதை எப்படிப் போடப்பட்டிருக்கிறது, எப்போது போகிறார்கள் என்பவையும் முக்கியம்.

ஒரே கடமை

பழைய பாதை கைவிடப்பட்டால் அழிவு விரைவாக வரும். சருகு வடிகாலை அடைக்கும்; நீர் பாதைக்குள் திரும்பும்; வேர் சுவரைப் பிளக்கும். லிகூரியச் சரிவுகளைத் தாங்கும் சுண்ணாம்புக் காரையற்ற கல்சுவர்கள், கற்களுக்கு இடையே நீரைக் கசியவிட்டே நிற்கின்றன. இந்தச் சுவர்கட்டும் கலையை 2018-இல் யுனெஸ்கோ இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் பண்பாட்டு மரபாக ஏற்றது. ஒரு கல் விழும்போதே எடுத்து வைத்தால் சுவர் நிற்கும். விட்டுவிட்டால் ஒரு மழையில் சரிவே இறங்கிவிடும். ஆளில்லாத பாதைக்கு அந்தக் கல்லை எடுத்து வைக்க யார் வருவார்கள்?

அதனால்தான், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இந்தக் காட்டுக்கு வருவதை நான் வரவேற்கிறேன். வருகிறவர்கள் சில ஒழுங்குகளோடு வர வேண்டும். செம்மண் நனைந்திருக்கும் நாளில் தடத்தை ஓய்வெடுக்க விட வேண்டும். திருப்பத்தைக் குறுக்கே வெட்டக் கூடாது. அந்தக் குறுக்குவழி நீர் தேடும் நேர்க்கோடு. பாலத்தின் கல்தளத்தில் இறங்கித் தள்ளிச் செல்ல வேண்டும். குகை வாயிலின் மண்ணைத் தொடக் கூடாது. அதன் ஒவ்வொரு அங்குலமும் படிக்கப்படாத பக்கம். ஆண்டுக்குச் சில நாள்கள் மண்வெட்டி பிடித்து வடிகால் தூர்வார வேண்டும்.

ரோமானியர் ஒருமுறை கட்டிவிட்டுப் போனதால் மட்டும் ஜூலியா அகஸ்டா சாலை நமக்குக் கிடைக்கவில்லை. நூறு ஆண்டுகளுக்குமேல் கழித்து ஹாட்ரியன் செப்பனிட்டார். பிறகு வந்த உழவர்களும் கழுதை ஓட்டிகளும் தங்கள் தேவைக்காக வழியைத் திறந்து வைத்தார்கள். அந்த வரிசையில் இப்போது நிற்பவர்கள் சைக்கிள் ஓட்டிகளும் நடப்பவர்களும். இந்தத் தலைமுறை தூர்வாரும் வடிகால்தான் அடுத்த தலைமுறைக்குப் போய்ச்சேரும் பாதை.